கண் மூடிய கெமரா

கெமரா பொய் சொல்லாது என்பார்கள். கிளிமலைத் தோட்டத்துக் கணக்கரான பெரிய கிராணியார் வீட்டுக் கெமராவும் பொய் சொல்லவில்லை. அம்மன் தாலி களவு போகிற நேரம் பார்த்துக் கண்ணை மூடிக்கொண்டது, அவ்வளவுதான்.

தெமோதரை ஸ்டேஷனைத் தாண்டித் தேயிலைக்கு நடுவே ஏறும் பாதையில் புவாத்தின் ஓட்டோ முக்கி முனகிக்கொண்டிருந்தது. பின்சீட்டில் விஜயலெட்சுமி. இன்சூரன்ஸ் கம்பெனி ஒன்றில் பொய்க் கிளெய்ம்களைப் பிடித்துக்கொண்டிருந்தவள், இப்போது பதுளை பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே ஒரு மாடியறையில் துப்பறியும் நிலையம் நடத்துகிறாள். நிலையத்தின் சாரதியும் உதவியாளனும் தேத்தண்ணி வாங்கி வருகிறவனும் புவாத்தான். மூன்று வேலைக்கும் சேர்த்து ஒரு சம்பளம். வாயாடுவதற்குத் தனியாக ஒன்றும் கிடையாது, ஆனால் அதைத்தான் அவன் முழுமனதோடு செய்தான்.

"அக்கா, கணக்கு சரியான்னு பாருங்க" என்றான் கண்ணாடியைப் பார்த்தபடி. "அம்மனோட தங்கத் தாலி. இவ்வளவு காலமும் தோட்டத் தலைவர் மாரிசாமி வீட்டுல இருந்துச்சு. இந்த வருஷம் திருவிழாக் கமிட்டி, கிராணியார் வீட்டு அலுமாரிதான் பத்திரம்னு அங்க மாத்திருச்சு. முன்னால வைஃபை கெமரா ஒண்ணும் பூட்டியாச்சு. நேத்துக் காலையில கிராணியார் ஒபீசுல. அவரு சம்சாரம் கோயில்ல பூ கட்டுறாங்க. வீட்டுல வேலைக்காரப் பொம்பள கலாராணி மட்டும். கெமரா படம் திடீர்னு நின்னுருச்சு. திரும்பப் படம் வந்தப்ப அலுமாரி திறந்து கெடக்கு, தாலி இல்ல."

"அலுமாரிச் சாவி?"

"சாமிப் படத்துக்குப் பின்னால ஆணியில. தோட்டத்துக் கோழிக்குஞ்சுக்குக்கூடத் தெரிஞ்ச ரகசியம்."

"அப்புறம் ஏன் கலாராணி மேல பழி?"

"கெமராவ நிப்பாட்டணும்னா வீட்டுக்குள்ள இருக்கிற ரவுட்டர நிப்பாட்டணுமாம். வீட்டுக்குள்ள இருந்தது அவ ஒருத்திதானாம். போலீசுக்குப் போனா திருவிழா நேரத்துல தோட்டத்து மானம் போயிருமாம். அதனால இன்னைக்குச் சாயந்தரம் கோயில்ல எரியிற சூடத்தக் கையால அணைச்சு சத்தியம் பண்ணணும். கையில கொப்புளம் வந்தா அவதான் திருடி."

விஜயலெட்சுமி முகத்தைச் சுளித்தாள். "சூடம் யாரு கையைத்தான் சுடாது?"

"அதைத்தான் நானும் யோசிச்சேன். சிகரெட் நெருப்புக்கே நான் ஊரைக் கூட்டுற ஆளு."

கோயில் வாசலில் ஓட்டோவை நிறுத்தச் சொன்னாள். சின்னக் கோயில். அதற்கு மேலே கல்லெறி தூரத்தில் கிராணியார் வீடு, அதையொட்டித் தொழிலாளர் குடியிருக்கும் லயம். சந்நிதிக்குப் பக்கத்தில் மஞ்சள் பூசிய மரப்பெட்டி ஒன்று இருந்தது. வெள்ளை வேட்டியும் தோளில் துண்டுமாக ஒருவர் அதன் பூட்டை இழுத்துப் பார்த்துவிட்டுத் திரும்பினார். தலைவர் மாரிசாமி அவர்தான் என்று சொல்லாமலே தெரிந்தது. பக்கத்தில் நின்றவர்கள் எல்லாரும் அரை அடி தள்ளியே நின்றார்கள்.

"கரகப் பெட்டிங்க" என்றார் அவர், விஜயலெட்சுமி கேட்காமலே. "திருவிழாவுல கரகம் சோடிச்சுப் பாலிக்கிற அன்னைக்கு நாந்தான் தொறக்கணும். தாலிய எங்கிட்டருந்து வாங்கிட்டாங்க. இந்தச் சாவி ஒண்ணுதான் நம்ம வீட்டுக்கு மிச்சம்." இடுப்பில் தொங்கிய சாவியைத் தட்டிக் காட்டினார். குரலில் பணிவு இருந்தது, கண்ணில் இல்லை. புவாத்துக்கு அந்த ஆளைப் பார்த்த மாத்திரத்தில் பிடிக்கவில்லை. ஆனால் அவனுக்குப் பிடிக்காதவர்கள் எல்லாரும் திருடர்கள் என்றால் பதுளையில் பாதிப் பேர் உள்ளே இருக்க வேண்டும்.

மாரிசாமியே அவர்களை மேலே அழைத்துப் போனார். கிராணியார் சரவணமுத்து வாசலில் நின்றார். யாழ்ப்பாணத்துக்காரர். இந்தத் தோட்டத்துக்கு வந்து ஒரு வருஷம்கூட நிறையவில்லை. இந்த விஷயத்தால் இடமாற்றம் வந்துவிடுமோ என்ற பயம் அவர் மீசை நுனிவரை தெரிந்தது.

"நான் ஒருத்தரையும் குறை சொல்ல வரேல்ல" என்றார். "ஆனா வீட்டுக்குள்ள நிண்டது அவள் ஒருத்திதானே."

குசினிக் கதவோரம் நின்ற கலாராணி தலை நிமிரவில்லை. மெலிந்த உருவம், முந்தானையை இடுப்பில் செருகியிருந்தாள். விஜயலெட்சுமி அவளிடம் போய் மெதுவாகக் கேட்டாள். "நேத்து நீ எங்க இருந்த?"

"பின்னால தண்ணிப் பீலியில துணி தொவைச்சுக்கிட்டிருந்தேங்க. தண்ணிச் சத்தத்துல ஒண்ணும் கேக்கல." அப்புறம் முந்தானையைப் பிரித்து முகத்தைத் துடைத்தாள். "அடுத்த கெழம எல்ல டவுனுல இருந்து எம் மகளப் பொண்ணு பாக்க வாராங்க. திருடி மகள யாருங்க பாக்க வருவா? கை பொசுங்கினாலும் பரவால்ல, நா சத்தியம் பண்ணிர்றேன். எடுக்கலைன்னு அம்மனுக்குத் தெரியும்."

புவாத்துக்கு நாக்கு நுனியில் இருந்த பகடி அப்படியே உள்ளே போய்விட்டது. தலைவர் மட்டும் தொண்டையைச் செருமினார்.

"பாருங்க மேடம்" என்று தன் போனை நீட்டினார். அந்த மலை மடிப்புக்குள் மொபைல் சிக்னல் எட்டிப் பார்ப்பதில்லை. கிராணியார் வீட்டு வைஃபைதான் பக்கத்து லயம் வரைக்கும் புண்ணியம் கட்டிக்கொண்டிருந்தது. "கமிட்டி சார்பா கெமரா படம் என் போன்லயும் தெரியும். நேத்து இதே மாதிரி ஓடிக்கிட்டிருந்துச்சு, அப்பிடியே நின்னுருச்சு."

திரையில் அலுமாரி தெரிந்தது. அதன் முன்னால் நின்ற புவாத்தின் முதுகும் தெரிந்தது. தன் முதுகு இவ்வளவு அகலமா என்று அவன் கவலைப்பட்டுக்கொண்டிருந்தபோது, மேசை மேலிருந்த கோட்லெஸ் போன் கிணுகிணுத்தது. கிராணியாரின் மனைவி யோகமலர் ரிசீவரை எடுத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் போனாள்.

"ஓம் தங்கச்சி, வவுனியாவில மழையோ? இஞ்ச ஆக்கள் வந்து நிக்கினம், பிறகு எடு..."

புவாத் கையைத் தூக்கிக் கெமராவுக்கு டாட்டா காட்டினான். திரையில் அவன் கை எழும்பவில்லை. படம் உறைந்து, நடுவில் ஒரு வட்டம் சுற்றிக்கொண்டிருந்தது.

"அக்கா! கெமரா மூச்ச விட்டுருச்சு!"

யோகமலர் ரிசீவரை வைத்தாள். சற்று நேரத்தில் வட்டம் நின்றது, படம் ஓடத் தொடங்கியது. புவாத் கைநீட்டி வாய் பிளந்து நின்றான். கிராணியாரும் அப்படித்தான் நின்றார். கலாராணிகூடத் தலை நிமிர்ந்து பார்த்தாள். மாரிசாமி போனை அணைத்துப் பையில் போட்டுக்கொண்டார். "இந்தப் பக்கம் சிக்னல் அப்பிடித்தாங்க. சாயந்தரம் கோயிலுக்கு வந்துருங்க" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார்.

அவர் வளைவில் மறைகிற வரைக்கும் விஜயலெட்சுமி ஜன்னலில் நின்று பார்த்தாள். பிறகு யோகமலர் வைத்த கோட்லெஸ் ரிசீவரைக் கையில் எடுத்தாள். கனமான பழைய ரகம், கறுப்பு நிறம்.

"ரவுட்டரும் இந்தப் போனும் ஒரே அலையில பேசுது" என்றாள். "ரவுட்டர் அமைதியா பேசுற ஆளு. இந்தப் பழைய போன் பதுளைச் சந்தையில கூவி விக்கிறவன் மாதிரி. இது வாயத் தொறந்தா அது சொல்றது யாருக்கும் கேக்காது. ரவுட்டர யாரும் தொடத் தேவையில்ல. இந்த ரிசீவர்ல பச்சைப் பொத்தானை அமுக்கினா போதும், கெமரா குருடு."

எல்லாக் கண்களும் யோகமலர் பக்கம் திரும்பின. அந்தப் போனில் நாள் முழுக்கப் பேசுகிறவள் அவள்தான். புவாத்தின் மனசு உடனே ஓடியது: கோயிலுக்குப் போவதாகச் சொல்லிவிட்டுப் பின்வழியால் திரும்பி வந்திருந்தால்? சொந்த வீட்டு அலுமாரி. சந்தேகம் விழ ஒரு வேலைக்காரியும் தயார். கிராணியாரின் முகத்தைப் பார்த்தால் அவருடைய மனசும் அதே பாதையில்தான் ஓடுவது தெரிந்தது.

"என்னப்பா அப்பிடிப் பாக்கிறியள்?" யோகமலரின் கண் கலங்கியது. "நான் விடியவே கோயிலுக்குப் போயிட்டன்."

"போன் வீட்டுல இருந்துச்சா?" என்றாள் விஜயலெட்சுமி.

யோகமலர் கணவனைப் பார்த்தாள், தரையைப் பார்த்தாள். "இல்லை. ரிசீவரைப் பூக்கூடைக்குள்ள போட்டுக்கொண்டு போனனான்."

"எதுக்கு?" என்று கிராணியார் அதட்டினார்.

"மகன் எடுக்கிறன் எண்டவன். நீங்கள் ஏசுவியள் எண்டுதான் சொல்லேல்ல. கோயில் வரைக்கும் இது இழுக்கும். மகன் எடுக்கவே இல்லை. பூ கட்டின பொம்பிளையள் எல்லாரும் மல்லிகைக்குள்ள போன் கிடக்கு எண்டு சிரிச்சவை. வேணுமெண்டால் கேளுங்கோ."

"அப்ப நேத்து இந்த ரிசீவர்ல யாரும் பேசல" என்றான் புவாத். "வீட்டுலயும் இல்ல. ஆனா கெமரா மட்டும் குருடாச்சு. அக்கா, நாம வந்த பாதையிலயே திரும்பிப் போயிட்டோம்."

விஜயலெட்சுமி ரிசீவரின் சின்னத் திரையை விரலால் துடைத்துவிட்டு அவன் மூக்குக்கு நேரே நீட்டினாள். "இதுல என்ன எழுதியிருக்கு?"

"ரெண்டு. இங்கிலீசு ரெண்டு."

"எங்க வீட்டுல பிள்ளைங்க ரெண்டு பேரு. ரெண்டாவது நான். அப்ப?"

"அப்ப உங்களுக்கு மூத்தவங்க ஒருத்தர்..." புவாத் பாதியில் நிறுத்தினான். நெற்றியில் அடித்துக்கொண்டான். "ரெண்டாம் நம்பர் ரிசீவர் இங்க இருக்குன்னா ஒண்ணாம் நம்பர் எங்க?"

"இந்தப் போன் எப்ப வாங்குனீங்க?" என்று அவள் யோகமலரிடம் கேட்டாள்.

"நாங்கள் வாங்கேல்ல. எங்களுக்கு முந்தி இருந்த கிராணியார் விட்டிட்டுப் போனது."

கலாராணிதான் முதல் தடவையாகத் தானாக வாய் திறந்தாள். "பழைய கிராணி ஐயா காலத்துல லயத்துல வேற போன் கெடையாதுங்க. வெளிநாட்டுக்குப் போன பிள்ளைங்க எல்லாம் இந்த நம்பருக்குத்தான் எடுக்கும். ஐயா இன்னொரு ரிசீவரக் கீழ ஒரு வீட்டுக்குக் குடுத்து வச்சிருந்தாருன்னு சொல்லுவாங்க. யார் வீடுன்னு தெரியாதுங்க. நா அப்ப நமுனுகுலயில இருந்தேன்."

"நேத்து லயத்துல தேடினாங்கதானே?"

"வீடு வீடாத் தேடுனாங்க. தலைவரே முன்ன நின்னு தேடுனாரு. ஒண்ணும் இல்ல."

போன் நிற்கும் அடித்தட்டின் ஓரத்தில் ஒரு சின்னப் பொத்தான் இருந்தது. மறந்து எங்காவது வைத்த ரிசீவரைக் கண்டுபிடிக்க அமுக்குவது. அமுக்கினால் ரிசீவர் எங்கே கிடந்தாலும் கத்தும். புவாத் ஆசையோடு விரலை நீட்டினான். விஜயலெட்சுமி அவன் விரலைத் தட்டிவிட்டாள்.

"இப்ப கத்தினா, வச்சிருக்கிறவன் மட்டும்தான் கேப்பான். ஊரே கேக்கணும்." அவள் யோகமலர் பக்கம் திரும்பினாள். "அம்மா, நீங்க கோயிலுக்கு வர வேணாம். இங்கயே இருங்க. கோயில் மணி அடிச்சு நிக்கும். நின்னதும் இதை அமுக்குங்க. ஆள் வந்து சொல்ற வரைக்கும் கையை எடுக்காதீங்க."

பாதி வழி இறங்கியதும் புவாத்தால் பொறுக்க முடியவில்லை. "யாருன்னு தெரியுமாக்கா உங்களுக்கு?"

"படம் உறைஞ்சப்ப நீ வாயைப் பிளந்த. கிராணியாரு பிளந்தாரு. பிளக்காத வாய் எதுன்னு யோசி."

புவாத் யோசித்துக்கொண்டே நடந்ததில் ஒரு தேயிலைச் செடிக்குள் விழப் பார்த்தான்.

வெயில் மலைக்குப் பின்னால் சரியத் தொடங்கியபோது கோயில் முன்னால் தோட்டமே கூடியிருந்தது. கொழுந்துச் சாக்கைத் தோளில் இருந்து இறக்காமலே வந்து நின்ற பெண்களும் இருந்தார்கள். ஒவ்வொருவரும் பக்கத்தில் நின்றவரை ஓரக்கண்ணால் பார்த்தார்கள். புவாத் செருப்பைக் கழற்றிவிட்டு வாசலுக்கு வெளியே நின்றான். கிராணியார் ஒரு பக்கம் தனியாக நின்றார். பூசாரி தட்டில் சூடத்தைக் குவித்தார். அவர் குவித்தது போதாதென்று தலைவர் மாரிசாமி ஒரு பொட்டலத்தைப் பிரித்து இன்னும் இரண்டு கட்டியை எடுத்து மேலே வைத்தார்.

"மனசுல களங்கம் இல்லைன்னா அம்மன் காப்பாத்துவா" என்றார் மாரிசாமி எல்லாருக்கும் கேட்க. "கலாராணி, முன்னால வா."

அவள் வந்தாள். கூட்டத்தில் நின்ற மகளை ஒரு முறை பார்த்தாள். அந்தப் பிள்ளை துப்பட்டாவால் வாயைப் பொத்திக்கொண்டிருந்தது. பூசாரி மணியை அடித்தார். சூடம் கப்பென்று பற்றியது. கலாராணி வலது உள்ளங்கையை நெருப்புக்கு மேலே கொண்டுபோனாள்.

மணி நின்றது.

ஒன்றும் நடக்கவில்லை. புவாத் மேட்டு வீட்டை எட்டிப் பார்த்தான். கிராணியாரின் மனைவி பயந்து பின்வாங்கிவிட்டாளோ? பொத்தான் மாறிவிட்டதோ? அல்லது அவளேதான்... என்று அவன் புத்தி மறுபடி பழைய பாதையில் ஓடப் பார்த்த நேரத்தில் சத்தம் வந்தது.

கீ... கீ... கீ...

சந்நிதிக்குப் பக்கத்தில் இருந்துதான் வந்தது. பூட்டியிருந்த மரப்பெட்டிக்குள் இருந்து.

"தாயீ! தாயி பேசுறா!" என்று ஒருத்தி அலறினாள். பின்னால் குலவைச் சத்தம் எழும்பியது. கிழவர் ஒருவர் சாஷ்டாங்கமாக விழுந்தே விட்டார். கலாராணியின் கை அந்தரத்தில் நின்றது. விஜயலெட்சுமி கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்து, அந்தக் கையை மெல்லப் பிடித்து நெருப்பை விட்டு விலக்கினாள்.

"தலைவரே" என்றாள். "உங்களுக்குத்தான் போன். எடுங்க."

மாரிசாமியின் முகத்தில் இரத்தம் இல்லை. "சாவி... வீட்டுல இருக்கு."

"அப்ப இடுப்புல தொங்குறது கண்ணூறுக்கா?" என்று வாசலில் இருந்து கேட்டான் புவாத்.

குலவை நின்றது. சனம் மொத்தமும் அந்த இடுப்பையே பார்த்தது. பூசாரி எழுந்து போய்ச் சாவியை வாங்கினார். மாரிசாமி தடுக்கவும் இல்லை, கொடுக்கவும் இல்லை. பெட்டி திறந்தது. கரகச் செம்புக்குப் பக்கத்தில் கறுப்பு ரிசீவர் ஒன்று வெளிச்சத்தை விட்டு விட்டுக் காட்டிக் கத்திக்கொண்டிருந்தது. திரையில் ஒன்று என்ற எண். அதற்குக் கீழே மஞ்சள் துணி முடிச்சு. பூசாரி முடிச்சை அவிழ்த்தார். அம்மன் தாலி.

"பழைய கிராணியாரு ரிசீவர் குடுத்தது இவரு வீட்டுக்குத்தான்" என்றாள் விஜயலெட்சுமி கூட்டத்தைப் பார்த்து. "கெமரா படமும் இவரு போன்ல. ரிசீவரும் இவரு கையில. ஒண்ணைத் தொட்டா மத்தது நின்னு போறத இந்தத் தோட்டத்துல பார்த்திருக்கக்கூடிய ஒரே ஆளு இவருதான். நேத்து வேட்டி மடிப்புல ரிசீவரப் பேச விட்டுக்கிட்டே உள்ள போயிருக்காரு. லயத்தத் தேடப்போறாங்கன்னு ஆனதும், தேடாத ஒரே இடத்துல கொண்டாந்து வச்சிட்டாரு."

"நா திருடல!" மாரிசாமி கத்தினார். அந்தக் குரலில் ஆத்திரமும் அழுகையும் கலந்திருந்தது. "வித்தேனா? அடகு வச்சேனா? அம்மன் பெட்டிக்குள்ளதான வச்சேன்! எங்கப்பா காலத்துல இருந்து எங்க வீட்டுல இருந்த தாலி. நேத்து வந்த கிராணி வீட்டுக்குத் தூக்கிக் குடுத்துட்டீங்க. எனக்கென்ன மரியாதை மிச்சம்? சத்தியம் முடிஞ்சதும் பெட்டியத் தொறந்து காட்டலாம்னு இருந்தேன். அம்மனுக்கு அந்த வீடு புடிக்கல, தானாத் திரும்பி வந்துட்டான்னு எல்லாரும் நம்பியிருப்பீங்க..."

"அதுக்குள்ள கலாராணி கை வெந்திருக்கும்" என்றாள் விஜயலெட்சுமி. "அவ பேரும் வெந்திருக்கும். அம்மன் தானா வந்தாச்சு, திருடி அப்பிடியே இருந்திருப்பா. இல்லையா?"

மாரிசாமி தோள் துண்டை எடுத்துக் கழுத்தைத் துடைத்தார்.

கிராணியார் சரவணமுத்து முன்னால் வந்தார். "பிள்ளை கலா, நான் உன்னை..." என்று தொடங்கி, முடிக்கத் தெரியாமல் நின்றார். கலாராணி அவரைப் பார்க்கவில்லை. குனிந்து சூடத் தட்டை எடுத்தாள். நெருப்பு தணிந்துகொண்டிருந்தது. மாரிசாமி பிரித்து வைத்திருந்த பொட்டலத்திலிருந்து இன்னும் ஒரு கட்டியைப் போட்டாள். சுடர் எழும்பியதும் தட்டை இரு கையாலும் ஏந்தி அவர் முன்னால் நீட்டினாள்.

"மனசுல களங்கம் இல்லைன்னா அம்மன் காப்பாத்துவான்னு சொன்னீங்கதானே தலைவரே" என்றாள். "என் மேல பழி வரும்னு தெரியாமத்தான் செஞ்சேன்னு சொல்லிட்டுக் கைய வைங்க. நா நம்பிர்றேன்."

மாரிசாமி இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனார்.

அவள் தட்டை இறக்கவில்லை. பெட்டிக்குள் ரிசீவர் மட்டும் விடாமல் கத்திக்கொண்டிருந்தது. சூடம் எரிந்து எரிந்து சிறுத்து, கடைசியில் தானாகவே அணைந்தது. கலாராணி கரி படிந்த தட்டைப் பூசாரியிடம் கொடுத்துவிட்டு மகள் பக்கம் நடந்தாள். நின்றவர்கள் தாமாகவே விலகி வழிவிட்டார்கள். மாரிசாமியைச் சுற்றியும் இடம் இருந்தது. காலையில் இருந்ததைவிட அதிகமாகவே இருந்தது.

ரிசீவர் இன்னமும் கத்தியது. புவாத்துக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது. செருப்பைக்கூட மாட்டாமல் மேட்டில் ஓடினான்.

யோகமலர் மேசைக்கு முன்னால் கண்ணை இறுக மூடிக்கொண்டு நின்றாள். பொத்தானை அமுக்கிய விரல் வெளுத்துப் போயிருந்தது. கன்னத்தில் கண்ணீர் காய்ந்திருந்தது.

"சத்தம் வந்ததோ தம்பி?"

"வந்துச்சும்மா. தாலி கெடைச்சுருச்சு. எடுத்தது தலைவரு. போதும், கையை எடுங்க."

அவள் கையை எடுக்கவில்லை. "கலா?"

புவாத்துக்குப் பகடி ஒன்றும் வரவில்லை. மூச்சு வாங்கியது.

"கையில ஒரு பொட்டுச் சூடு படலம்மா" என்றான்.

அதற்குப் பிறகுதான் யோகமலர் பொத்தானை விட்டாள்.